உஷார்! கத்திரி வெயிலில் மலை ஓட்டம், அதுவும் ‘பயிற்சிக்காக’!

ஏப்ரல் பிறந்ததும் ஓட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பிக்கும். “ஜூன்ல காம்ரேட்ஸ் போறவங்க கவனத்துக்கு. மே முதல் வாரம் மலையில ஐம்பது கிலோமீட்டர் டிரெயில் ஓட்டம் ஒண்ணு இருக்கு. நல்ல ஏத்தம், நல்ல வெயில். ரேஸா ஓட வேணாம், லாங் ரன்னா வச்சுக்கலாம். யார் யார் வர்றீங்க?” அரை மணி நேரத்துக்குள் கட்டைவிரல் குறிகள் வரிசையாக விழுந்துவிடும். ஒருவர்கூட “எதுக்கு?” என்று கேட்டிருக்க மாட்டார்.

கேளுங்கள். பணம் கட்டும் முன் கேளுங்கள். மே முதல் வாரம் என்றால் கத்திரி பிறக்கும் வாரம். மலை என்றால் ஏலகிரியோ ஜவ்வாதோ கொல்லிமலையோ, அடிவாரம் 40 டிகிரியில் கொதிக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலை. ஐம்பது கிலோமீட்டர் என்றால் டிரெயிலில் ஏழெட்டு மணி நேரம். மெதுவாகப் போகிறவருக்குப் பத்துகூட ஆகும். இந்த மூன்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சேர்த்து, முக்கியப் போட்டிக்கு ஐந்தே வாரம் இருக்கும்போது உடம்பை அதற்குள் தள்ளுகிறோம். இதில் ஜூன் மாத ஓட்டம் போகலாம். சிறுநீரகம் போகலாம். ஆளே போகலாம். பயமுறுத்தத்தான் எழுதுகிறேன், ஆனால் இட்டுக்கட்டி அல்ல.

முதலில் எந்தப் போட்டிக்காக இதெல்லாம் என்று பார்ப்போம். காம்ரேட்ஸ் மாரத்தான் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில், டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே நடப்பது. முதல் உலகப்போரில் மாண்ட வீரர்களின் நினைவாக 1921ல் 34 பேருடன் தொடங்கியது. ஏறத்தாழ 90 கிலோமீட்டர். ஒரு முறை கடலிலிருந்து மேட்டுக்கு, பெரும்பாலும் மறுமுறை மேட்டிலிருந்து கடலுக்கு. கௌவீஸ், ஃபீல்ட்ஸ், போத்தாஸ், இன்சாங்கா, பாலி ஷார்ட்ஸ் என்று பெயர்போன ஐந்து மேடுகள். பன்னிரண்டு மணி நேரம் முடிந்த நொடியில் நடுவர் ஓடிவருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று துப்பாக்கியை வெடிப்பார். கோட்டுக்கு ஓர் அடி பின்னால் இருந்தாலும் பதக்கம் கிடையாது. 1860 முதல் நம் ஆட்கள் கப்பல் கப்பலாகக் கரும்புத் தோட்டக் கூலிகளாக இறங்கிய மண் அது. அதனாலோ என்னவோ, தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு அந்தச் சாலைமேல் தனி ஒட்டுதல் உண்டு.

சரி, இப்போது பொருத்தம் பாருங்கள். காம்ரேட்ஸ் முழுக்கத் தார்ச்சாலை. கல், வேர், சறுக்கல் எதுவும் இல்லை. நடப்பது ஜூனில், அங்கே அது குளிர்காலம். விடியலில் தொடக்கக் கோட்டில் நிற்பவர்கள் பழைய சட்டையோ பிளாஸ்டிக் பையோ போர்த்திக்கொண்டு நடுங்குவார்கள். பகலில் வெப்பம் ஏறினாலும் டர்பனில் ஜூன் மாத வழக்கம் 25 டிகிரியை ஒட்டித்தான். நம் ஊர் மார்கழி நண்பகல் அதைவிடச் சூடு. ஆக, கத்திரியில் மலைப்பாறையில் வேகும் பயிற்சி எந்தத் தேர்வுக்கு? அந்தப் பாடமே கேள்வித்தாளில் இல்லை.

“உடம்பு வெயிலுக்குப் பழகணும் சார்” என்று ஒரு பதில் உடனே வரும். பழகட்டும். ஆனால் வெயிலுக்கு உடம்பு பழகுவது ஒருநாள் கூத்தில் நடக்காது. பத்து முதல் பதினான்கு நாள், தினமும் ஒரு மணி நேரத்தை ஒட்டிச் சூட்டில் உழைத்தால்தான் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே சுரக்கும், அதில் உப்பு குறையும், நாடித்துடிப்பு இறங்கும். விட்டுவிட்டால் மூன்று நான்கு வாரத்தில் அதில் பெரும்பகுதி கரைந்தும் போகும். மே முதல் வாரம் எட்டு மணி நேரம் காய்ந்தது ஜூன் இரண்டாம் வாரத்துக்குச் செல்லாது. இன்னொன்று: சென்னையிலோ மதுரையிலோ வேலூரிலோ கோடையில் தினமும் காலை ஓடுகிறவர் ஏற்கெனவே பழகியவர்தான்.

ரேஸாக ஓட மாட்டேன் என்ற வாக்குறுதியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இதை நான் நம்புவதில்லை, நீங்களும் நம்பாதீர்கள். நெஞ்சில் நம்பர் குத்தியாகிவிட்டது. காலில் சிப் கட்டியாகிவிட்டது. எதிரே கட் ஆஃப் நேரம். பக்கத்தில் போன வருஷம் நம்மைவிடப் பின்னால் வந்தவர். சாயங்காலம் ஸ்ட்ராவா செயலியில் எல்லாரும் பார்ப்பார்கள். லாங் ரன் என்றால் முப்பதாவது கிலோமீட்டரில் தலை சுற்றும்போது ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விடுவோம். மலைக்காட்டில் ஆட்டோவும் இல்லை, டிஎன்எஃப் வாங்க மனசும் இல்லை. பாதியில் நின்றவர் என்ற பெயர் வேண்டாம் என்பதற்காக ஓடுகிறவர் பயிற்சியில் இல்லை, பந்தயத்தில் இருக்கிறார்.

வெயில் உள்ளே என்ன செய்கிறது

ஓடும்போது தசை எரிக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவுதான் அடியெடுத்து வைக்கப் பயன்படுகிறது. மீதியெல்லாம் சூடு. அந்தச் சூட்டை ரத்தம் தோலுக்குக் கொண்டுவர வேண்டும், வியர்வை ஆவியாகி அதை எடுத்துப் போக வேண்டும். தொடையும் ரத்தம் கேட்கிறது, தோலும் கேட்கிறது. ஒரே போர்வையை இரண்டு பேர் இழுக்கிற கதை. நீர் குறையக் குறையப் போர்வையும் சிறுத்துக்கொண்டே வரும்.

மலை இதை இன்னும் மோசமாக்குகிறது. ஏற்றத்தில் உழைப்பு உச்சத்தில் இருக்கும், வேகமோ நடைவேகம். அதாவது சூடு அதிகம் பிறக்கிறது, உடம்பின் மேல் வீசும் காற்று குறைவு. சமவெளியில் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் அந்த வேகமே ஒரு விசிறி. கொண்டை ஊசி வளைவுக்குக் குறுக்கே செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் தவழ்ந்து ஏறும்போது விசிறி நின்றுவிடுகிறது. சுற்றிலும் பாறை வேறு அனல் கக்கும்.

நம் மலைகளில் இன்னொரு பொறியும் இருக்கிறது. சாதாரண மலையேற்றத்தில் அடிவாரத்தில் தொடங்கி மேலே போவோம், போகப்போகக் குளிரும். இந்த ஓட்டங்கள் பலவும் மேலே ஊரில்தான் தொடங்கும், தங்குமிடம் அங்கேதான். அதிகாலை நாலரைக்கு ஹெட்லைட் வெளிச்சத்தில் இதமான குளிரில் கிளம்பி, உற்சாகமாக இறங்கு இறங்கென்று இறங்கி, எட்டு மணிக்கு அடிவாரத்தில் நிற்பீர்கள். பத்து பதினோரு மணிக்கு, களைத்த தொடையோடு, அதே மலையை ஏற வேண்டும். அன்றைய நாளின் கடுமையான உழைப்பும் கடுமையான வெயிலும் சரியாக ஒரே மணி நேரத்தில் சந்தித்துக்கொள்கின்றன.

செல்போன் காட்டும் வெப்பநிலையை நம்பி முடிவெடுக்காதீர்கள். அது நிழலில் அளந்தது. ஓட்டக்காரருக்கு வேண்டிய அளவு வேறு: ஈரக்குமிழ் வெப்பத்துக்குப் பத்தில் ஏழு பங்கு, நேர் வெயிலுக்கு இரண்டு பங்கு, காற்றின் சூட்டுக்கு ஒரே ஒரு பங்கு என்று சேர்த்துக் கணக்கிடுவது. ஈரப்பதத்துக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள். இந்தக் கூட்டு அளவு 28ஐத் தாண்டினால் நெடுந்தூர ஓட்டங்களை நடத்த வேண்டாம் என்பது அமெரிக்க விளையாட்டு மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் எச்சரிக்கை. நம் கோடையில் சூரியன் கொஞ்சம் ஏறியதும் அந்த எல்லை தாண்டிப் போய்விடும். உங்கள் ஓட்டத்தை நடத்துகிறவரிடம் இந்த அளவை எடுக்கும் கருவி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அவர் முகத்திலேயே பதில் தெரியும்.

வெப்பத்தாக்கு, அதாவது ஹீட் ஸ்ட்ரோக், சோம்பேறிகளை மட்டும் தாக்குவதல்ல. நன்றாகப் பயிற்சி எடுத்தவர், விடாப்பிடியானவர், முன்னால் ஓடுகிறவர் ஆகியோரையும் தேடி வருகிறது. கலிஃபோர்னியாவின் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டம் 100 மைல், ஜூன் கடைசியில், வெந்து கிடக்கும் பள்ளத்தாக்குகள் வழியே நடப்பது. 2006ல் கடும் வெயில். பிரையன் மாரிசன் என்பவர் எல்லாருக்கும் முதலில் ஆபர்ன் பள்ளி மைதானத்துக்குள் நுழைந்தார். முடிவுக்கோடு கண்ணில் படும் தூரம். அங்கே விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். உடன் வந்தவர்கள் தாங்கிப் பிடித்துக் கோட்டைத் தாண்ட வைத்தார்கள். அடுத்தவர் உதவியோடு தாண்டியதால் வெற்றி கணக்கில் சேரவில்லை. உயிர் பிழைத்தார் என்பதுதான் அதில் நல்ல செய்தி.

அறிகுறியைத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பாதிக்கப்பட்டவருக்கு அது தெரியாது. உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும்போது முதலில் கெடுவது மூளை. தள்ளாடுவார். எரிந்து விழுவார். வந்த வழியே திரும்பி ஓடப் பார்ப்பார். பக்கத்தில் போய், “தம்பி, பேர் என்ன? எந்த ஊரு? இப்ப எத்தனாவது கிலோமீட்டர்?” என்று கேளுங்கள். “ஒண்ணுமில்லண்ணே, விடுங்க, நான் ஓகே” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி, கேட்டதற்குப் பதில் வரவில்லை என்றால் அவரை விடாதீர்கள். வியர்க்கிறதே, அப்புறம் எப்படி வெப்பத்தாக்கு என்று ஏமாற வேண்டாம். ஓடி வருவதில் வியர்வை நிற்காமலே தாக்கும். நெற்றியில் காட்டும் துப்பாக்கி வெப்பமானியும் இங்கே பொய் சொல்லும், வியர்த்த தோலை அது குறைத்தே காட்டும்.

அப்போது செய்ய வேண்டியது ஒன்றே: அங்கேயே குளிர வைப்பது. காரில் ஏற்றி ஒரு மணி நேரம் வளைவு வளைவாக இறங்கி மருத்துவமனை தேடுவது அடுத்த வேலை. அரை மணி நேரத்துக்குள் உள்வெப்பத்தை 39க்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் பிழைப்பார். அமெரிக்காவின் ஃபால்மவுத்தில் 11 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று கோடையில் நடக்கிறது; அங்கே 18 போட்டிகளில் 274 பேருக்கு வெப்பத்தாக்கு வந்தும் ஒருவர்கூட இறக்கவில்லை. முடிவுக்கோட்டிலேயே பனிக்கட்டி நீர்த்தொட்டிகள் தயாராக இருந்தன, கழுத்தளவு முக்கினார்கள். மலைக்கிராமத்தில் பனிக்கட்டித் தொட்டிக்கு எங்கே போவது? பம்ப் செட் தொட்டி இருக்கும், மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டி இருக்கும். அதுவும் இல்லையென்றால் ஒரு தார்ப்பாயில் கிடத்தி, நாலு பேர் விளிம்பைத் தூக்கிப் பிடித்து, உள்ளே தண்ணீரும் கிடைத்த ஐஸும் கொட்டி அலசுங்கள். தலையை மட்டும் தண்ணீருக்கு வெளியே தாங்கிப் பிடிக்க வேண்டும். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நாலு ஈரத்துணி போட்டு விசிறுவது நம் திருப்திக்குத்தான்.

முதல் நாள் இரவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி அலுவலகம் முடித்து பஸ் ஏறி, சனிக்கிழமை நம்பர் வாங்கி, புது இடத்தில் கொசுக்கடியில் மூன்று மணி நேரம் தூங்கி, ஞாயிறு மூன்றரைக்கு எழுந்து நிற்கிறோம். தூக்கக்குறைவு, வயிற்றுப்போக்கு, லேசான காய்ச்சல், முந்தின நாள் மது: இவை ஒவ்வொன்றும் வெப்பத்தாக்கைக் கிட்டே இழுத்து வருபவை. காய்ச்சல் அடித்தால் ஓடக்கூடாது. மாத்திரை போட்டு இறக்கிவிட்டு ஓடவே கூடாது.

தண்ணீரும் கொல்லும்

வெயில் என்றதும் நம் ஆள் செய்யும் முதல் காரியம் தண்ணீரை மொண்டு மொண்டு குடிப்பது. “தாகம் எடுக்கும் முன்னாலயே குடிச்சிரணும்” என்று சொல்லிக்கொடுக்காத பயிற்சியாளர் அபூர்வம். இது பழைய பாடம், ஆபத்தான பாடம். இந்த ஆபத்து முதலில் தெரியவந்ததே காம்ரேட்ஸ் சாலையில்தான். 1981 ஓட்டத்தில் ஒரு பெண் நினைவிழந்து விழுந்தார். வற்றிப்போய் விழவில்லை, அளவுக்கு மீறிக் குடித்து, ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் விழுந்தார். கேப் டவுன் ஆய்வாளர் டிம் நோக்ஸ் அவரையும் சேர்த்து நான்கு பேரின் கதையை 1985ல் மருத்துவ இதழில் எழுதினார். அப்போது பெரிதாக யாரும் காது கொடுக்கவில்லை. 2002 பாஸ்டன் மாரத்தானில் 28 வயதுப் பெண் ஒருவர் இதே காரணத்தால் இறந்தார். அந்த ஓட்டத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தவர்களில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது.

மெதுவாக ஓடுகிறவருக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். பத்து மணி நேரம் பாதையில் இருக்கிறார், எய்ட் ஸ்டேஷன் தோறும் நிற்கிறார், நிற்கும் இடமெல்லாம் குடிக்கிறார். வயிறு கலகலவென்று ஆடும், விரல் வீங்கி மோதிரம் இறுகும், வாட்ச் பட்டை தடம் பதிக்கும், தலை வலிக்கும், வாந்தி வரும். பிறகு குழப்பம், வலிப்பு. எலக்ட்ரால் கலந்தால் பயமில்லை என்பதும் பாதி உண்மைதான். உலக சுகாதார நிறுவனச் சூத்திரப்படி ஓஆர்எஸ் கரைசலில் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம். ரத்தத்தில் இருக்க வேண்டியதோ 135க்கு மேல். அதையும் அளவின்றிக் குடித்தால் ரத்தம் நீர்க்கத்தான் செய்யும். தாகம் எடுத்தால் குடியுங்கள், தணிந்தால் நிறுத்துங்கள். குடித்துக் குடித்து எடை கூடி முடிக்கிறவர் ஆபத்தில் இருக்கிறார்.

அடுத்தது இடுப்புப் பைக்குள் இருக்கும் வலி மாத்திரைப் பட்டை. காம்பிஃப்ளாமோ வோவெரானோ, ஏதோ ஒன்று. முட்டி வலிக்கும் முன்பே ஒன்று, இருபத்தைந்தில் ஒன்று, நாற்பதில் ஒன்று. நண்பர்களுக்கும் விநியோகம். வெயிலில் நீர் வற்றிய உடம்பு சிறுநீரகத்துக்கு ரத்தம் அனுப்பப் படாதபாடு படும் நேரத்தில், அங்கே போகும் ரத்தக் குழாய்களைத் திறந்து வைக்கும் வேதிப்பொருளையே இந்த மாத்திரைகள் அடைத்துவிடுகின்றன. 2017ல் நெடுந்தூர ஓட்டக்காரர்களை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது; அவர்களில் ஒரு பகுதியினர் ஓடியது இலங்கையில். ஐபூப்ரோஃபன் என்ற வலி மருந்து எடுத்தவர்களில் 52 சதவீதம் பேருக்குச் சிறுநீரகப் பாதிப்பு தெரிந்தது. மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 34 சதவீதம். இரண்டாவது எண்ணையும் கவனியுங்கள். மாத்திரையே தொடாதவர்களிலும் மூன்றில் ஒருவர்! ஓய்வெடுத்தால் பெரும்பாலானோருக்குத் தானே சரியாகிவிடும். எல்லாருக்கும் ஆகாது. காம்ரேட்ஸ் ஓடிச் சிறுநீரகம் செயலிழந்து டர்பன் மருத்துவமனைகளில் கிடந்தவர்களைப் பற்றி அவ்வூர் மருத்துவர்கள் 1990லேயே எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சுட்டிய காரணங்களில் தசைச் சிதைவு, நீர்வற்றல், வலி மாத்திரை மூன்றும் இருந்தன.

தசைச் சிதைவு என்பது இறக்கத்தில் நடப்பது. ஏற்றம் மூச்சை வாங்கும். காலை உடைப்பது இறக்கம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது, இழை இழையாக அறுகிறது. அறுந்த இழையிலிருந்து கசியும் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். 2009 வெஸ்டர்ன் ஸ்டேட்ஸில் ஐந்து பேர் இப்படி மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அவர்களுக்குச் சோடியமும் குறைந்திருந்தது. ஒன்று தனியாக வருவதில்லை.

இவ்வளவும் நடக்கவில்லை, சுகமாக முடித்து மெடலோடு படம் எடுத்துக்கொண்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஜூன் என்ன ஆகும்? மலை ஐம்பது காலிலிருந்து இறங்க மூன்று வாரம் வேண்டும். காம்ரேட்ஸுக்கு முந்தைய இரண்டு மூன்று வாரம் தூரத்தைக் குறைக்கும் டேப்பர். நடுவில் மிச்சமே இல்லை. மே முழுவதும் நொண்டிக்கொண்டே கழியும். சளியும் பிடிக்கும். கேப் டவுனில் ஏப்ரலில் நடக்கும் 56 கிலோமீட்டர் டூ ஓஷன்ஸ் ஓட்டத்தை, காம்ரேட்ஸுக்கு முன்னோட்டமாக ஓடுகிறவர்கள் ஏராளம். 1982ல் அதை ஓடியவர்களில் மூன்றில் ஒருவருக்கு அடுத்த இரண்டு வாரத்துக்குள் தொண்டைக்கட்டு, சளி என்று ஏதோ ஒன்று வந்தது. ஓடாமல் வீட்டில் இருந்தவர்களில் 15 சதவீதம் பேருக்குத்தான். அது தார்ச்சாலையில், மிதமான காலநிலையில். டிக்கெட், விசா, நுழைவுக் கட்டணம், லீவு என்று அவ்வளவையும் திரட்டி வைத்துவிட்டு, ஒரு மே மாத ஞாயிறுக்கு அத்தனையையும் பணயம் வைப்பது என்ன கணக்கு?

காடு, தீ, நடத்துகிறவர்

கோடைக் காட்டில் இன்னொரு பயம் இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறியவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆஸ்திரேலியாவின் கிம்பர்லியில் 2011 செப்டம்பரில் நடந்த 100 கிலோமீட்டர் ஓட்டத்தில் தீ ஓட்டக்காரர்களைப் பள்ளத்தாக்குக்குள் வளைத்தது. டூரியா பிட் என்ற பெண் உடம்பில் 65 சதவீதம் வெந்து மீண்டார். காய்ந்த போதைப்புல் மலைச்சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு எந்த ஓட்டக்காரரும் ஓட முடியாது.

எனவே நடத்துகிறவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். வனத்துறை அனுமதி எழுத்தில் இருக்கிறதா? எய்ட் ஸ்டேஷன்களுக்கு நடுவே அதிகபட்ச தூரம் எவ்வளவு? செல்போன் சிக்னல் இல்லாத இடத்தில் தகவல் எப்படிப் போகும்? ஆம்புலன்ஸ் எந்த இடம் வரை வரும், மீதியைத் தூக்கிக்கொண்டு வருவது யார்? குளிர வைக்கத் தொட்டி எங்கே? கடைசி ஆளுக்குப் பின்னால் வருகிறவர் உண்டா? “டீ-ஷர்ட் அளவு சொல்லுங்க சார், மத்ததெல்லாம் நாங்க பாத்துக்குறோம்” என்று பதில் வந்தால் கட்டிய பணம் போகட்டும் என்று விட்டுவிடுங்கள்.

வேறு வழி இல்லையா? இருக்கிறது, அலுப்பூட்டும் வழி. நீளத்தை ஒரு நாள் வையுங்கள்: சமவெளியில், இரவு இரண்டு மூன்று மணிக்குக் கிளம்பி வெயில் ஏறும் முன் முடித்துவிடும் தார்ச்சாலை ஓட்டம். இறக்கத்தை இன்னொரு நாள் வையுங்கள்: அதிகாலையில் ஏற்காட்டு மலைச்சாலையிலோ ஏலகிரிச் சாலையிலோ மேலே வண்டியில் போய், ஐந்தாறு கிலோமீட்டர் மட்டும் இறங்கி ஓடுவது. இறக்கத்துக்கு ஒருமுறை அடிவாங்கிய தொடை அடுத்த பல வாரங்களுக்குக் குறைவாகவே அடிவாங்கும். அந்தப் பயன் கிடைக்கச் சின்ன அளவே போதும், மலையளவு வேண்டாம். வெயில் பழக்கம் வேண்டுமானால் மாலை நாலரைக்கு வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் சுற்றுங்கள், குழாயடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ்காரர்களே போட்டிக்கு ஒரு மாதம் முன்னால், மே கடைசி வார இறுதியில், பாதையின் பெரும்பகுதியை மூன்று நாளாகப் பிரித்துத்தான் முகாம் போட்டு ஓடுகிறார்கள். நம்பர் இல்லை, பரிசு இல்லை.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டேன், போகாமல் இருக்க முடியாது என்பவருக்குச் சில வார்த்தை. தூரத்தைக் குறைத்து இருபத்தைந்துக்கோ பத்துக்கோ மாற்றிக்கொள்ள முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால், எந்த எய்ட் ஸ்டேஷனில் நிற்கப் போகிறீர்கள் என்பதைக் கிளம்பும் முன்பே வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். அடிவாரத்து எய்ட் ஸ்டேஷன் நல்ல இடம், வண்டி வரும். ஏற்றமெல்லாம் நடை. தொப்பி, கழுத்து, சட்டை எப்போதும் நனைந்திருக்கட்டும். குடிக்கும் தண்ணீரை அளந்து, மேலே ஊற்றும் தண்ணீரைத் தாராளமாக. வலி மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். தனியாகப் போகாதீர்கள், பக்கத்தில் ஓடுகிறவரிடம், “அக்கா, நான் உளற ஆரம்பிச்சா என் பேச்சைக் கேக்காம உக்கார வச்சிருங்க” என்று சொல்லி வையுங்கள். முடித்த அன்றே காரை எடுத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்காதீர்கள். ஓட்டத்தில் தப்பித்தவர் ஸ்டியரிங்கில் தூங்கிவிடுவார்.

அடுத்த இரண்டு நாளும் சிறுநீரைக் கவனியுங்கள். பால் கலக்காத டீ நிறத்தில் வந்தாலோ, அரை நாளாக வராமலே இருந்தாலோ, தொடை வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலோ அன்றே மருத்துவமனை. அங்கே “டயர்டா இருக்கு டாக்டர், ஒரு ட்ரிப்ஸ் போட்டுருங்க” என்று நீங்களே மருத்துவம் சொல்லாதீர்கள். சோடியம் குறைந்தவருக்கு வழக்கமான குளுக்கோஸ் ட்ரிப்ஸ் ஏற்றினால் மூளை வீக்கம் கூடும். அவருக்கு வேண்டியது அடர்த்தி மிகுந்த 3 சதவீத உப்பு நீர், அதையும் மருத்துவர் அளந்து தர வேண்டும். எத்தனை மணி நேரம் வெயிலில் ஓடினீர்கள், எவ்வளவு குடித்தீர்கள், என்ன மாத்திரை போட்டீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். ஊசி குத்தும் முன் சோடியம், கிரியாட்டினின், சிபிகே மூன்றும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பேச முடியாத நிலையில் கொண்டுபோகப்படலாம் என்பதால், இந்த மூன்று பெயரையும் கூட வரும் நண்பரின் போனில் இப்போதே எழுதி வையுங்கள்.